ஊர்மிளாவின் எடை

ஆக்லாந்தில் இருக்கும் ஊர்மிளாவுக்கு எடை கிடையாது. அவளுடைய எடை ஃபீஜியில், வட்டுகோலா தங்கச் சுரங்கத்துக்கும் மேலே, வுனிசாலா என்ற மலைக்கிராமத்தில் இருக்கிறது. அங்கே அது விடிந்ததும் எழுந்து, முகம் கழுவி, தாலோக் கிழங்குத் தோட்டத்துக்குப் போகிறது. வுனிசாலாக்காரர்களுக்கும் சரி, பா நகரத்துத் தமிழர்களுக்கும் சரி, இதில் சந்தேகம் எதுவும் இல்லை. யாரால் இப்படி ஆயிற்று என்பதிலும் இல்லை. அவள் புருஷன் தங்கராஜின் அவசரத்தால் ஆயிற்று. அவனைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான்.

தங்கராஜ் பாவுக்கும் லவுத்தோக்காவுக்கும் நடுவே பஸ் ஓட்டினவன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கரும்பு, கரும்புக்குப் பின்னால் மலை. அந்த மலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. டைம் டேபிளில் மலை இல்லை. 1987இல் இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அது போதாதென்று நாலு மாதத்தில் மறுபடியும் பிடித்தபோது, ரராவாய் சர்க்கரை ஆலைப் பக்கம் இருந்த அவன் வீட்டுக் கூரைமேல் கல் விழுந்தது. அன்றோடு ஊர்மிளாவின் பேச்சும் சிரிப்பும் நின்றுபோயின. நியூசிலாந்துக்கு விசா வந்தபோதுகூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. டிக்கெட் எடுத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "பொறந்த நாட்ட ஒரு தபா சுத்திப் பாத்துட்டுப் போலாங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் இன்னா சொல்றது?"

பிறந்த நாட்டை விட்டுப் போகும்போதுதான் சுற்றிப் பார்க்கத் தோன்றுகிறது. கொடுமைதான், என்ன செய்வது? மூன்று வயது மகன் நிலேஷைத் தங்கராஜின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் இரவல் காரில் கிளம்பினார்கள். வட்டுகோலாவில் சுரங்கத் தொழிலாளிகளின் வீடுகளைப் பார்த்தார்கள். அதற்கு மேலே ஒரே ஒரு கடையும் தபாலாபீஸும் இருந்த சின்ன ஊரில் பன் வாங்கித் தின்றார்கள். வெள்ளைக்காரன் காலத்து விடுதி ஒன்று புகைபோக்கி மட்டும் மிஞ்சி நின்றதைப் பார்த்து, "குளிருக்குப் பயந்தவன் எதுக்கு மலைக்கு வந்தான்?" என்று தங்கராஜ் கேட்டான். கடைசியில் வுனிசாலா. அந்த ஊருக்கு மேலே பழைய கோட்டை ஒன்று உண்டு.

ஊருக்குள் நுழையும் முறையைக் கூட வேலை பார்த்த ஃபீஜிக்காரக் கண்டக்டர் சொல்லித் தந்திருந்தார். நங்கோனா வேர் இரண்டு கட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். போனதும் ஒன்றைப் பெரியவர் முன்னால் வைத்து, உள்ளே வர உத்தரவு கேட்க வேண்டும். கிளம்பும்போது மற்றதை வைத்து, போவதற்கு உத்தரவு கேட்க வேண்டும். தங்கராஜ் முதல் கட்டை ஒழுங்காகத்தான் வைத்தான். பெரியவர் கைதட்டி வாங்கிக்கொண்டு, இனி நீங்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள் என்றார். வேரை இடித்துக் கரைத்து, சிரட்டை சிரட்டையாகக் குடிக்கக் கொடுத்தார்கள். அவன் நாக்கு மரத்துப்போயிற்று.

பெண்கள் ஊர்மிளாவைக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். கோட்டை என்றால் மதில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் அகழி, உள்ளே வட்டமாகக் கல். அந்தக் காலத்தில் சண்டை வந்தால் பிள்ளைகுட்டிகளோடு இதற்குள் வந்து இருந்துகொள்வார்களாம். வந்தவர்களை யாராவது விரட்டினார்களா என்று ஊர்மிளா கேட்டாள். உள்ளே வந்துவிட்டால் எப்படி விரட்டுவது என்று அவர்கள் கேட்டார்கள். அவள் அந்தக் கல்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவர்களோடு சமையல் குடிசையில் மரவள்ளி உரிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கல் விழுந்த நாளுக்குப் பிறகு தங்கராஜ் அந்தச் சிரிப்பைக் கேட்டது அப்போதுதான். கேட்டும் அவனுக்குக் கால் தரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டக்கூடாது என்று ராணுவம் உத்தரவு போட்டிருந்த சமயம். திங்கட்கிழமை காலையில் விமானம். சனிக்கிழமை இருட்டுவதற்குள் பையனை அழைத்துக்கொண்டு நாண்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டாவது கட்டு காரின் டிக்கியில் இருந்தது. அதை வைத்தால் மறுபடி உட்கார வேண்டும், மறுபடி குடிக்க வேண்டும், பொழுது சாய்ந்துவிடும். அவன் டிக்கியைத் திறக்கவில்லை. காரில் ஏறி, பஸ் ஸ்டாண்டில் பாசஞ்சரைக் கூப்பிடுவதுபோல ஹார்ன் அடித்தான். ஊர்மிளா கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். இறக்கத்தில் கார் லேசாகப் போனது. இரவல் கார் நல்ல கார் என்று நினைத்துக்கொண்டான், மடையன்.

ஆக்லாந்தில் அவள் படுத்தால் மெத்தை அமுங்கவில்லை. எடை மெஷினில் ஏறினால் முள் அசையவில்லை. டாக்டர் மெஷினை மாற்றினார், பிறகு பேச்சை மாற்றினார். ஊர்மிளா பிஸ்கட் ஃபாக்டரிக்கு வேலைக்குப் போனாள், சமைத்தாள், நிலேஷை வளர்த்தாள். எதிலும் குறை வைக்கவில்லை, எதிலும் மனசும் வைக்கவில்லை. காற்று அடிக்கும் நாட்களில் நிலேஷ் அவள் கோட்டுப் பையில் உருளைக்கிழங்கு போட்டு அனுப்பினான். ஃபீஜியில் இருக்கும் அக்கா மகன் கமலேஷ் லாரியில் மலைக்குப் போய்த் தாலோ வாங்கி விற்கிறவன். அவன்தான் போனில் தகவல் சொன்னான். "மாமா, மாமிய வுனிசாலால பாத்தேன். நல்லா இருக்காங்க. ஒங்கள விசாரிக்கல."

2000இல் மறுபடியும் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். இன்னும் பல குடும்பங்கள் விமானம் ஏறின. தங்கராஜ் வுனிசாலாவுக்குப் போவதாகச் சொல்லிச் சொல்லி வருஷங்களைத் தள்ளினான். லீவு இல்லை என்பான், பையன் படிப்பு என்பான். உண்மை என்னவென்றால் அவனுக்கு மலையில் இருக்கிறவள் முகத்தைப் பார்க்கப் பயம். 2006இல் ஒரு காற்றுநாளில், துணி காயப்போட்ட ஊர்மிளா கொடிக்கம்பியைப் பிடித்தபடி துணிகளோடு துணியாக ஆடிக்கொண்டிருந்தாள். கையை விட்டிருந்தால் போயிருப்பாள். தங்கராஜ் அவளை இறக்கி உட்கார வைத்தான். அவள், "போயி என்னையக் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

அந்த டிசம்பரில் ராணுவம் இன்னொரு தடவை ஆட்சியைப் பிடித்திருந்தது. அதற்காக அவன் நிற்கவில்லை. கமலேஷின் லாரியில், மடியில் புது நங்கோனாக் கட்டோடு மலை ஏறினான். பழைய பெரியவர் செத்துப்போய் அவர் மகன் இருந்தார். ஊர்மிளா தோட்டத்திலிருந்து வந்தாள். தலை நரைத்து, கை தடித்து, வெயிலில் கறுத்து, நடந்தால் பலகைத் தரை அதிரும்படி இருந்தாள். தங்கராஜ் கட்டை வைத்து, என் மனைவி கிளம்ப உத்தரவு கொடுங்கள் என்றான். போகிறவர்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி, பெரியவர் மகன் அவள் பக்கம் பார்த்தார். ஊர்மிளா கட்டைத் தொடவில்லை.

"அன்னிக்கி கேட்டிருந்தா வந்திருப்பேங்க," என்றாள். "நீங்க ஹார்ன் அடிச்சீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் சாதாரணமாகச் சொன்னாள். அவன் எல்லார் முன்னாலும் அழுதான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. பிறகு அவள் மரவள்ளி அவித்துப் போட்டாள், நிலேஷுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டாள், லாரி வரைக்கும் வந்து நின்றாள். தனக்கு மட்டும் உத்தரவு வாங்கிக்கொண்டு அவன் இறங்கினான்.

ஆக்லாந்தில் கதவைத் திறந்த ஊர்மிளா அவனுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கவில்லை. பெட்டியை வாங்கி வைத்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எப்டி இருக்கேன்?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்க," என்றான் தங்கராஜ். "வர மாட்டேன்னுட்ட."

அவள் தலையாட்டினாள். தோட்டம் எவ்வளவு பெரிசு, என்னென்ன போட்டிருக்கிறேன், முழங்கால் வலி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். அவன் பார்த்ததையெல்லாம் சொன்னான். கேட்டுக்கொண்டே அவள் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியிலிருந்து மிதந்து எழும்பினாள். அவன் சொல்வதை நிறுத்தாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.