சாயங்காலம் படிக்கலாம்

நூலக அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கனம் அதிகம். திரும்பச் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தார். அதுவும் ஆகாது. முப்பத்தாறு வருடம் பஸ் டிப்போவில் ஸ்பேனர் பிடித்த கை அது. தராசு இல்லாமலே எடை சொல்லும். மனைவியின் மணிக்கட்டு இப்போது தாங்குவது ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும்தான். அதுவும் பாதி டம்ளர்.

"மெக்கானிக் சார், போன தடவை கொண்டுபோனதும் சரிப்படலையா?"

நூலகர் அம்மாள் மேசையை விட்டு எழுந்து வந்தாள். பத்து நாளில் அவர் இங்கே வருவது இது நான்காவது தடவை. அதற்கு முன் அறுபத்தெட்டு வயது வரைக்கும் ஒரு நூலகத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

முதல் தடவை, நோயை மன உறுதியால் விரட்டுவது பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுபோனார். மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு, "இதைப் படிச்சா வியாதிக்கே சலிச்சுப்போயிடும்" என்றாள். இரண்டாவது, மூன்று பாகமாக வந்த ராஜா ராணிக் கதை. அதன் முதல் பாகம் அவள் நெஞ்சின் மேல் செங்கல் மாதிரி கிடந்தது. மூச்சு முட்டுகிறது என்று மகள்தான் எடுத்துக் கீழே வைத்தாள். மூன்றாவது சமையல் புத்தகம். படங்கள் இருந்தன, தாள் வழவழப்பாக இருந்தது, பார்த்தாவது சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார்.

"அப்பா, அம்மாவால ஒரு வாய் முழுங்க முடியல. நீங்க படம் போட்ட சமையல் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டுறீங்க!" என்றாள் மகள். அவர் அதை அப்படியே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

ஒவ்வொரு தடவையும் மனைவி சொன்னது ஒன்றுதான். "படிக்கிறதை விட்டு எவ்வளவு காலமாச்சு. விட்டது விட்டதுதான். நீங்க எதுக்கு அலையுறீங்க?"

இன்று காலை வந்த நர்ஸ் நாடி பார்த்துவிட்டு, மகளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். அவருக்குக் காதில் விழவில்லை, ஆனால் மகள் திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "இப்பப் போய் லைப்ரரியா?" என்று மகள் கேட்டதற்கு, "இதோ வந்துடறேன்" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

"அவங்களுக்கு எந்த மாதிரி புத்தகம் பிடிக்கும்? அதைச் சொல்லுங்க, நான் எடுத்துத் தரேன்" என்றாள் நூலகர்.

அவர் யோசித்தார். டிப்போவில் நாற்பது வண்டி இருந்தது. எந்த வண்டி எந்த கியரில் முனகும், எதற்கு எத்தனை மாதத்தில் பிரேக் தேயும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இதைச் சொல்லத் தெரியவில்லை.

"காக்கித் தாள்ல அட்டை போட்டு வச்சிருப்பா. பேர் எதையும் நான் பார்த்ததில்ல."

"எழுதினவங்க யாருன்னாவது?"

"தனியாச் சிரிப்பா" என்றார். "படிக்கும்போது. பக்கத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, தோள் குலுங்கச் சிரிப்பா. எனக்கு எரிச்சலா வரும்."

"அதுக்கு ஏன் சார் எரிச்சல்?"

"என்னடின்னு கேட்டா, 'நான் சொன்னா சிரிப்பு வராது, நீங்களே படிங்க'ன்னு நீட்டுவா. நான் வாங்க மாட்டேன். வேலை செஞ்ச கையில எண்ணெய் இருக்கும்னு சாக்கு சொல்லுவேன்."

நூலகர் சிரிக்கவில்லை. உள்ளே போய், மூலையில் இருந்த அலமாரியில் கொஞ்ச நேரம் தேடி, மெல்லியதாக ஒன்றைக் கொண்டுவந்தாள். எழுத்து பெரிதாக இருந்தது. "எல்லாம் ஆறு பக்கம், ஏழு பக்கக் கதைங்க. வேடிக்கையா இருக்கும். எங்க வேணா ஆரம்பிக்கலாம், எங்க வேணா விடலாம். முடிச்சே ஆகணும்னு இல்லன்னு சொல்லுங்க. படிக்கிறது விட்டுப்போனவங்களுக்கு அந்தக் கட்டாயம்தான் பயம். அவங்களால பிடிக்க முடியலைன்னா நீங்க படிச்சுக் காட்டுங்க."

"நானா?"

"வேற யாரு?"

அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஒரு சின்ன பேரிங் அளவுக்குத்தான் கனம்.

வீட்டுக்கு நடந்து இருபது நிமிடம். வழியெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கூடவே வந்தது. பத்து நாளாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

அப்போது மகளுக்கு இரண்டு வயது. இரவு ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் வாரம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருந்தவள். ஏதோ நல்ல மனநிலை, அவரே சொன்னார்: "நீ போய்ப் படி. புள்ளையை நான் பார்த்துக்கறேன்." கல்யாணமாகி அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நம்பாமல் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். அவர் தான் குளிப்பதற்கு வெந்நீரை வாளியில் ஊற்றி வைத்துவிட்டு, ஆறட்டும் என்று ஒரு நிமிடம் சாய்ந்தார்.

கண் விழித்தது குழந்தையின் அலறலில்.

அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த அவருடைய அக்கா, பின்கட்டிலிருந்து ஓடிவந்த மனைவியைப் பார்த்தாள். அவள் கையில் இன்னும் புத்தகம் இருந்தது, விரல் பக்கங்களுக்கு நடுவில். "இது கையில இருந்தா உனக்குப் பெத்த புள்ளகூட நினைப்பு வராதாடி?" என்று அக்கா கத்தினாள். மனைவி அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை. அவர் குழந்தையின் வெந்த கையில் தண்ணீர் ஊற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

சொல்லலாம், கூட்டம் கலையட்டும் என்று நினைத்தார். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு அக்கா ஊருக்குப் போகட்டும் என்று நினைத்தார். அதற்குள் மனைவி வீட்டில் இருந்த புத்தகங்களை எல்லாம் ஒரு பையில் போட்டு எங்கேயோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

இன்னொரு தடவையும் வாய்ப்பு வந்தது. பதினாறு வயதில் மகள் ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "எல்லாரும் அரைக்கை போடுறாங்க, நான் மட்டும் இப்படி மூடிக்கிட்டு அலையணும். எல்லாம் உன்னாலதான். உன் கதைப் புத்தகத்தால" என்று தாயைப் பார்த்துக் கத்தினாள். மனைவி, "ஆமா கண்ணு, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டு முழுக்கைச் சட்டைக்குத் துணி வெட்டினாள். அவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கீல் கிரீச்சிடவே இல்லை. இருந்தும் விட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி விழித்திருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கழுத்து வரை வந்திருந்தது.

"இன்னைக்கு என்ன, தோட்டக்கலையா?" என்றாள்.

"வேடிக்கைக் கதையாம். முடிக்கணும்னு இல்லையாம்."

"யார் சொன்னது?"

"லைப்ரரி அம்மா." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் படிக்கறேன். நீ கேளு."

மனைவி அவரையே பார்த்தாள். பிறகு, "கண்ணாடி போட்டுக்கோங்க" என்றாள்.

முதல் கதை, ஓர் அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர வந்த குமாஸ்தாவைப் பற்றியது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அவனைப் புது மேனேஜர் என்று நினைத்து எழுந்து நிற்கிறார்கள். அவன் மறுத்துச் சொல்லத் தயங்குகிறான். நாற்காலி போடுகிறார்கள், உட்காருகிறான். பைல் நீட்டுகிறார்கள், கையெழுத்துப் போடுகிறான். அவர் பஸ் பலகையில் இருக்கும் ஊர்ப் பெயர்களை ஒப்பிப்பதுபோல நிறுத்தாமல் படித்தார்.

"நிறுத்துற இடத்துல நிறுத்துங்க. ஓட்டமா ஓடுனா எப்படி?" என்றாள் மனைவி, கண்ணை மூடியபடி.

நிறுத்திப் படித்தார். குமாஸ்தா இரண்டு பேருக்குச் சம்பள உயர்வு கொடுத்துவிட்ட இடத்தில் அவள் உதடு லேசாக விரிந்தது. அவருக்கு உற்சாகம் வந்தது. குரலை உயர்த்தினார்.

"'முதல் நிமிடத்திலேயே சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் கழித்துச் சொன்னால் அசட்டுத்தனம். ஒரு நாள் கழித்துச் சொன்னால்...'"

அடுத்த வார்த்தை கண்ணுக்குத் தெரிந்தது. வாய்க்கு வரவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

புத்தகத்தை மடியில் வைத்தார். "அன்னைக்கு" என்றார். "புள்ளையைப் பார்த்துக்கறேன்னு சொன்னது நான்தானே."

மனைவி கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்க்கவில்லை, சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "அவளுக்குத்தான் தெரியாது."

சமையலறையில் மகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"நீ ஏன் ஒரு வார்த்தை..."

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சரி, மேல படிங்க. நிஜ மேனேஜர் வந்தானா இல்லையா?"

வந்தான். வந்தவனைக் குமாஸ்தா என்று நினைத்து, எல்லோரும் அவன் தலையில் ஒரு மூட்டை பைலைச் சுமத்தினார்கள். அந்த இடத்தில் மனைவி சிரித்தாள். சத்தம் வரவில்லை, போர்வைக்குள் தோள் மட்டும் இரண்டு தடவை குலுங்கியது. அதற்கே இருமல் வந்து, அவர் எழுந்து தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"இன்னொண்ணு" என்றாள்.

அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. கண் கரித்தது. சொன்ன வார்த்தைகள் உடம்பிலிருந்து எதையோ கழற்றி எடுத்ததுபோலக் கை கால் எல்லாம் ஓய்ந்திருந்தன.

"சாயங்காலம் படிக்கலாம். நீ செத்த கண்ணை மூடு."

அவள் வற்புறுத்தவில்லை. எதற்குமே அவள் வற்புறுத்தியதில்லை. கையை மட்டும் நீட்டினாள். புத்தகத்தை வாங்கி வயிற்றின் மேல் வைத்து, அடுத்த கதை தொடங்கும் பக்கத்தில் விரலைக் கொடுத்துக்கொண்டாள்.

மகள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். கண் அசந்துவிட்டது.

"அப்பா!" என்ற சத்தத்தில்தான் விழித்தார். மணி மூன்றரை.

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. சீருடைக் கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். டிப்போ ஆட்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். காலையில் எடுத்துவிடலாம் என்று யாரோ முடிவு செய்தார்கள், அவர் தலையாட்டினார். யாராவது வந்து கையைப் பிடித்தால் பிடித்த கையைப் பார்த்தார்.

அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். எண்பதை நெருங்கிவிட்டாள், முட்டி மடங்காது. உள்ளே போய் அழுதுவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்களிடம் மூக்கைத் துடைத்தபடி சொன்னாள்.

"தங்கமான பொண்ணு. என்னை ஒரு நாள் எதிர்த்துப் பேசினதில்ல. அந்தப் படிப்புப் பைத்தியம் ஒண்ணுதான் அவளுக்கு. அதுலதானே பாவம், புள்ள கை அப்படி ஆச்சு..."

"இல்லக்கா."

அக்கா திரும்பினாள். அவர் குரல் எதிர்பார்த்ததைவிடப் பலமாக வந்துவிட்டது. வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படின்னு நான்தான் அவளை அனுப்பினேன். வெந்நீர் ஊத்தி வச்சதும் நான்தான். தூங்கிட்டேன்."

"இப்ப எதுக்குடா தம்பி அதெல்லாம்?" என்று அக்கா அவர் தோளைத் தொட்டாள். "ஏதோ மனசு கலங்கிப்போய்ப் பேசுறான்" என்றாள் மற்றவர்களிடம்.

"கலங்கல. நடந்தது அதுதான்."

சமையலறை வாசலில் மகள் நின்றிருந்தாள். கையில் தட்டு, தட்டு நிறைய டீ டம்ளர்கள். ஒரு டம்ளர் இன்னொன்றில் இடித்து மெதுவாகச் சத்தம் போட்டது.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னையிலேர்ந்து."

தாய் கிடத்தப்பட்டிருந்த அறையின் பக்கம் மகளின் பார்வை போய், அங்கேயே நின்றது. யாரோ ஒரு பெண் எழுந்து, "குடும்மா, நான் கொடுக்கறேன்" என்று தட்டை வாங்கப் போனாள். மகள் தரவில்லை. சுவரோரம் இருந்த முதல் நாற்காலியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொருவரிடமும் குனிந்து, "எடுத்துக்கோங்க" என்றாள். அத்தையிடமும் அப்படியே சொன்னாள்.

அவரிடம் வந்தபோதும், "எடுத்துக்கோங்க" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எடுத்துக்கொண்டதும் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

ஆறு வருடமாக அவருக்குச் சர்க்கரை வியாதி. எத்தனை பேர் வந்தாலும் அவருடைய டீயை மட்டும் மகள் சர்க்கரை இல்லாமல் தனியாகக் கலந்து வைப்பாள்.

ஒரு வாய் குடித்தார். நன்றாக இனித்தது. எல்லோரையும்போல மிச்சத்தையும் குடித்து முடித்து, காலி டம்ளரைக் காலடியில் வைத்தார்.