நேர்த்தித் தாடி

நான் முன்கோபக்காரன். படவரைஞர் வகுப்பில் கரும்பலகையில் கோட்டை இழுத்தபடியே பேசுவேன். பேசி முடித்ததும் "விளங்குதே?" என்பேன். முப்பது பேரும் "ஓம் சேர்" என்பார்கள். அடுத்த கோட்டுக்குப் போய்விடுவேன். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் பத்து வருடம் இப்படித்தான் படிப்பித்தேன்.

எழுபத்தைந்தாம் ஆண்டு தை மாதம் என் மூன்று வயது மகனுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. மனைவி இரஞ்சிதம் நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளை பிழைத்தால், ஆனித் திருவிழா வரைக்கும் நான் முகம் வழிக்காமல் இருந்து, அங்கே போய்த்தான் தாடி இறக்கவேண்டும். நேர்த்தி அவளுடையது, முகம் என்னுடையது. பிள்ளை பிழைத்தான். நானும் வளர்த்தேன்.

பங்குனியில் தவணைச் சோதனை வைத்தேன். முன்வரிசை வாங்கில் இருக்கும் நாகபூசணியின் விடைத்தாளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நயினாதீவுப் பிள்ளை. எட்டு வயதில் வந்த காய்ச்சலில் காது முழுதாகப் போய்விட்டது. வாயசைவைப் பார்த்தே படித்துக் கல்லூரி வரைக்கும் வந்தவள். நான் பலகையைப் பார்த்துப் பேசினாலும் கன்னத்து அசைவில் பாதியைப் பிடித்துவிடுவாள், மீதியைத் தானே ஊகிப்பாள். எழுபதுக்குக் கீழே எடுத்ததில்லை. இந்த முறை இருபத்திரண்டு. தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தாள்: "சேர், உங்கள் தாடி வளர வளர எனக்குப் பாடம் குறைகிறது."

எனக்குச் சுருக்கென்றது. மீசை மேலுதட்டை மூடித் தொங்குவதைக் கண்ணாடியில் தினமும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு பிள்ளை தவிக்கிறது என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

பாடங்களை எழுதி, ரோனியோவில் படியெடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஆனால் கோட்டை ஏன் இங்கே தொடங்குகிறோம், ஏன் அங்கே நிறுத்துகிறோம் என்பதெல்லாம் கை ஓடும்போது வாயில் வருகிறவை. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும். வைகாசியில் இறுதிச் சோதனை. அதில் தவறினால் அவளுக்கு அடுத்த வருடம் இல்லை, வீட்டோடு இருக்கவேண்டியதுதான். திருவிழாவோ அதற்குப் பிறகு.

நாகபூசணியின் கதையைச் சொல்லி, தாடியை முன்கூட்டியே எடுக்கட்டுமா என்று இரஞ்சிதத்திடம் கேட்டேன்.

"அம்மாளோடை விளையாட ஏலாது," என்றாள். மறுநாள் தானாகவே, "சனிக்கிழமை நயினாதீவுக்குப் போவம். அம்மாளிட்டையே கேட்பம்," என்றாள்.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. குறிகட்டுவான் துறையில் மோட்டார் வள்ளம் ஏறினால், உள்ளே நாகபூசணி இருந்தாள். விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகிறாள். இரஞ்சிதம் மகனை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே இருந்தாள். இயந்திரம் போட்ட சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. இரஞ்சிதத்தின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்த எனக்கே ஒரு சொல்லும் கேட்கவில்லை.

நாகபூசணியின் முகம் மாறியது. எழுந்து வந்து என் காதருகே குனிந்தாள்.

"சேர், தாடி இருக்கட்டும். நான் எப்பிடியும் சமாளிப்பன். 'தாடியை எடுத்தா என்ரை பிள்ளையைப் பறிச்சுப் போடாதை தாயே' எண்டு அக்கா மன்றாடுறா."

அவ்வளவு சனத்துக்குள் என் மனைவியின் மன்றாட்டு அந்த ஒரு பிள்ளைக்குத்தான் எட்டியிருந்தது.

இறங்குதுறையில் இரஞ்சிதம் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளை உங்களிட்டை என்ன சொன்னது?"

மறைக்காமல் சொன்னேன். அவள் முன்னே போய்க்கொண்டிருந்த நாகபூசணியைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் இருந்த மகனைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் காய்ச்சலிலை தப்பின பிள்ளைதான். நீங்கள் போய்த் தாடியை இறக்குங்கோ. அம்மாளிட்டை நான் சொல்லுறன்."

மகனோடு கோயிலுக்குள் போய்விட்டாள். நான் நாகபூசணியைக் கூப்பிடக் கையைத் தட்டப் போய், பிறகு ஓடிப்போய் முன்னால் நின்று, காத்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினேன்.

கோயிலடியில் முடி இறக்கும் ஏரம்பு, "திருவிழாவுக்கு இன்னும் ரண்டு மாசம் கிடக்கே, வாத்தியார்," என்றார்.

"கிடக்கட்டும். மீசையையும் எடும்," என்றேன்.

வழித்த முகத்தில் உப்புக்காற்றுப் பட்டு எரிந்தது. வேப்பமரத்தடியில் காத்திருந்த நாகபூசணிக்கு முன்னால் போய் நின்றேன். பழக்கதோஷம், வேறொன்றும் வாயில் வரவில்லை.

"விளங்குதே?"

அவள் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இல்லை, சேர்."

"எது விளங்கேல்லை?"

"மாசியிலை இருந்து ஒண்டுமே விளங்கேல்லை. பக்கத்துப் பிள்ளை தலையாட்டேக்கை நானும் ஆட்டினனான்."

எனக்குக் கோபம் வந்தது, முதல் தடவையாக என்மீதே. கீழே கிடந்த ஒரு தடியை எடுத்து, மாசியில் படிப்பித்த கூரைப் படத்தின் முதற் கோட்டை மணலில் இழுத்தேன். இழுத்து முடித்து, தடியை வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.