யார்பேக்குக்கு வராத அனுமதி

மாவு அரைக்கும் யார்பேக் எங்கள் ஆற்றுப்பாலத்தின் நடுவில் விழுந்த அன்று மாலை நாலு மணிக்கே செத்திருக்க வேண்டும். அனுமதி வராததால் சாகவில்லை. பதக்ஷான் மலையிலிருந்து இறங்கும் அந்த ஆற்றுக்கு வடக்கே ஒரு ஐரோப்பியப் படை, தெற்கே இன்னொரு ஐரோப்பியப் படை. இரண்டும் ஒரே கூட்டணி, ஒரே தாலிபானோடுதான் சண்டை. வடக்கே இருந்தவர்களைக் காப்பிப் படை என்போம். தலைக்குமேல் ராக்கெட் போனாலும் கோப்பையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். தெற்கே இருந்தவர்கள் அளவுப் படை. எங்கள் கிணறுகளை அளந்தார்கள், கதவுகளை அளந்தார்கள், கழுதைகளைக்கூட விடவில்லை. அந்தப் படைகளுக்குக் குறிவைத்து யாரோ பாலத்துப் பலகைக்கு அடியில் வைத்த கண்ணிவெடி மாவு மூட்டையோடு வந்த யார்பேக்குக்கு வெடித்தது. பாலத்தின் நடுதான் இரண்டு படைகளுக்கும் எல்லை; தலை வடக்கிலும் கால் தெற்கிலுமாக விழுந்தார்.

வினை அங்கேதான் பிடித்தது. காப்பிப் படை மருத்துவர் இடுப்பு வரைக்கும் பார்த்தார். அதற்குக் கீழே தொட அவர் நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. அளவுப் படை மருத்துவர் தொடையை இறுக்கிக் கட்டிவிட்டு, நெஞ்சுத்துடிப்பு எப்படி என்று அவரைக் கேட்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குப் புரியவில்லை. ஹெலிகாப்டரோ மூன்றாவது நாட்டுடையது. இரண்டு படைகளின் தலைநகரங்களும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால்தான் அது எல்லைக்கோட்டின்மேல் இறங்கும். தாள் போனது. போன நிமிடமே ரத்தம் நின்றது. தொடைக் கட்டிலிருந்து விழுந்த சொட்டு பலகைக்குச் சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் ஆறு பேர் யார்பேக்கைத் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. நோயாளி இருக்கும் இடம் பாலத்தின் நடு என்று தாளில் எழுதியாகிவிட்டது.

அவர் மனைவி மாஹ்ஜான் அன்றிலிருந்து நடந்தாள். ஒரு வாரம் வடக்கு முகாம், ஒரு வாரம் தெற்கு முகாம். கூடவே மொழிபெயர்ப்பாளன் தாவூத்ஷா. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. ஒரு சிப்பாய் அவள் எதிரிலேயே அழுதான், இன்னொருவன் ஊருக்குப் போனபோது யார்பேக்குக்குக் கம்பளிக் காலுறை வாங்கிவந்தான். வடக்கு சரி என்றால் தெற்கு ஒரு சொல்லை மாற்றும்; தெற்கு சரி என்பதற்குள் வடக்கே ஆட்சி மாறிவிடும்.

"ஏன் தாவூது, இவங்க ரெண்டு பேரும் பங்காளிங்கதானே?"

"பங்காளிங்கதான் அக்கா. அதான் இந்தக் கதி."

ஆறாவது வருடம் தெற்கு முகாமில் ஒரு எழுத்தர் தவறுதலாக அந்தத் தாளை முடிந்த கோப்புகளோடு சேர்த்துவிட்டார். அந்த நேரமே சொட்டு விழுந்தது, பின்னாலேயே ரத்தம் கொட்டியது. மாஹ்ஜான் முக்காடு நழுவ ஓடிப்போய்த் தாளைத் தேடி எடுக்கவைத்த பிறகுதான் நின்றது. தாள் முடியாதவரை யார்பேக்குக்கு முடிவில்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது. அவர் தேநீர் குடித்தார், தாடி நரைத்தது, பாலத்திலேயே மகளுக்கு நிக்காஹ் செய்துவைத்தார். "உசிரு போறதுக்கும் கையெழுத்து வேணுமாம்ல," என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். பிறகு அலுத்துவிட்டது.

பன்னிரண்டாம் வருடம் எல்லாரும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஹெலிகாப்டர்கள் முதலில் போயின, அடுத்து காப்பிப் படை போனது. அளவுப் படையின் கடைசி மேஜர், எங்கள் மலைக்கு மூன்றாவது தடவையாக வந்து தளர்ந்துபோன மனிதர், தாளோடு பாலத்துக்கு வந்தார். காப்பிப் படை போகும்போது கையெழுத்துப் போட்டிருந்தது. இவர் தலைநகரமும் சம்மதித்து, தன் சார்பில் இவரையே கையெழுத்திடச் சொல்லிவிட்டது. இவருடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"இத்தனை வருஷத்துல நாங்க ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்னு சொல்றாரு அக்கா," என்றான் தாவூத்ஷா.

கையெழுத்து விழுந்தால் தாள் முடிந்துவிடும். ஏற்றிப்போக ஹெலிகாப்டர் இல்லை. மாஹ்ஜான் கணவர் பக்கத்தில் குனிந்தாள்.

"போதும்னா சொல்லிடுங்க."

யார்பேக் கரையில் நின்ற மரத்தைப் பார்த்தார். "முசுக்கொட்டை பழுக்கட்டுமே. தின்னுட்டுப் பார்ப்போம்." ஒவ்வொரு வருடமும் அவர் சொல்வதுதான்.

மாஹ்ஜான் எழுந்தாள். "தாவூது, ஒத்துப்போக வேண்டாம்னு சொல்லு. ஏதாவது தகராறு பண்ணச் சொல்லு. அவங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

அதை அப்படியே மொழிபெயர்த்தான். மேஜர் பலகையில் உட்கார்ந்து, அந்தரத்தில் நின்ற சொட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து நாடாவை எடுத்துப் பாலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அளந்தார். பாலத்தின் நடு என்பது வெள்ளக்காலத்துக் கரையிலிருந்தா, கோடைக்காலத்துக் கரையிலிருந்தா என்று தாளில் ஒரு கேள்வி எழுதி, அதற்குப் பதில் வராமல் கையெழுத்திட இயலாது என்றும் சேர்த்து, காப்பிப் படையின் முகாமுக்கு அனுப்பச் சொன்னார். அங்கே அப்போது ஆடுகள் கட்டியிருந்தன.

மறுநாள் அளவுப் படையும் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. வந்துவிடக் கூடாது என்று மாஹ்ஜான் ஐந்து வேளையும் தொழுகிறாள்.