மனநலம் வேண்டி ஒரு பூசை

எங்கள் கீரிக் கிராமத்தில் ஒருவருக்குப் பல் வலித்தால் டொக்டரிடம் அனுப்புவார்கள். மனம் வலித்தால் மட்டும் ஊரே கூடி வைத்தியம் பார்க்கும். இலவசமாக, கேட்காமலேயே.

போன திருநாளில் புனிதரின் சுரூபம் கோயிலை விட்டு வெளியே வந்ததும் வழக்கம்போல வெடி கொளுத்தினார்கள். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நான் மட்டும் என் நாலு வயது மகள் றொஷேலை மணலில் தள்ளி, அவள் மேல் குப்புற விழுந்து, முழுப் பாரத்தோடு அமுக்கிக்கொண்டு கிடந்தேன். என் கணவர் றோயும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் என்னைப் பிரித்தெடுத்தார்களாம். பிள்ளையின் வாய் நிறைய மணல்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் வருவதில்லை. இரவில் மாமியின் பாயில் படுக்கிறாள். நான் சோறு தீத்தப் போனால் கோப்பையைப் பறித்துக்கொண்டு தள்ளிப் போய் இருந்து சாப்பிடுகிறாள். எனக்கு என் பிள்ளை திரும்ப வேண்டும். அதற்கு முதலில் என்னைத் திருத்த ஓர் ஆள் வேண்டும்.

"ஒரு மனநல டொக்டரிட்டப் போவம்" என்று றோயிடம் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? நல்லாத்தானே சமைக்கிறாய்" என்றார்.

குழம்பில் உப்புச் சரியாக இருக்கும்வரை, றோயின் கணக்கில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்து ஒரு தொண்டு நிறுவனம். போர் முடிந்த நாள் தொட்டு எங்களைச் சிரிக்க வைக்க எத்தனை நிறுவனங்கள் வந்து போய்விட்டன! ரீசேர்ட் போட்ட பிள்ளை ஒருத்தி, சிரிக்கிற முகம், அழுகிற முகம் எல்லாம் வரைந்த கடதாசியைத் தந்து, "உங்கட முகத்தைத் தெரிவுசெய்யுங்கோ அக்கா" என்றாள். அழுகிற முகத்துக்குப் புள்ளடி போட்டேன். அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு கிழமை கழித்துக் கேட்டபோது, "மனநலத் திட்டம் போன மாசத்தோட முடிஞ்சுதக்கா. இப்ப ஆடு வளர்ப்பு. பேர் பதியட்டே?" என்றாள். பதிந்தேன். ஆடும் வரவில்லை.

பிறகு தொலைபேசி ஆலோசனை. பெயர் சொல்லத் தேவையில்லை, முழு இரகசியம் என்று விளம்பரம் சொன்னது. அந்தப் பக்கம் ஓர் இனிமையான குரல்.

"மனந்திறந்து கதையுங்கோ. நீங்கள் எந்த இடம்?"

"மன்னார்."

"மன்னாரில எங்க?"

"கீரி."

"கீரியில ஆற்ற வீடு?"

ஆற்ற ஆள், யாருடைய ஆள் என்று தெரியாமல் எங்கள் சனத்துக்குத் துக்கம் விசாரிக்க வராது. நானும் பழக்கதோஷத்தில் மாமனாரின் பெயரைச் சொல்லித் தொலைத்தேன். "எமிலியானுஸின்ர மருமகள்."

"அட, பெற்றிசியா அன்ரி வீடே! நான் அவவின்ர ஒண்டுவிட்ட தங்கச்சியின்ர மகள்..."

வைத்துவிட்டேன். வைத்து என்ன? பொழுதுபடுவதற்குள் முழு இரகசியமாக மாமியின் காதுக்கு விஷயம் போய்விட்டது.

பெற்றிசியா மாமி நல்ல மனுசி. அதுதான் பிரச்சினையே. என்னைத் திட்டவில்லை, அழுதார். அழுது முடித்துவிட்டு நேரே பங்குக் கந்தோருக்குப் போய் ஞாயிறு பூசைக்கு வேண்டுதல் கருத்து எழுதிக் கொடுத்தார். எங்கள் கோயிலில் பூசை தொடங்குமுன் அன்றைய கருத்துகளை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். காலஞ்சென்ற ஒருவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வாசித்தார்கள். ஜெனோஜனின் புதுப் படகுக்கு நன்றியாக வாசித்தார்கள். அதற்கடுத்து, "பயம், நடுக்கம், மனக்குழப்பம் நீங்கிப் பூரண சுகம் பெற, எமிலியானுஸின் மருமகள் டிலோஜினிக்காக" என்று தெளிவாக, நிறுத்தி வாசித்தார்கள். கோயிலுக்கு வராமல் கரையில் படுத்திருந்தவர்களுக்கும் கேட்டது. காற்று வளம் பார்த்தால் எருக்கலம்பிட்டி வரைக்கும் போயிருக்கும்.

பூசை முடிந்ததும் ஆளுக்கொரு மருந்து. தலைக்கு நல்லெண்ணெய் வைக்கட்டாம். இன்னொரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரிவருமாம். இருக்கிற ஒன்றே என்னைக் கண்டால் ஓடுகிறது.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? புதன்கிழமை பஸ்ஸில் முன் சீற்றிலேயே ஏறி இருந்து ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போனேன். இவ்வளவு காலம் அந்தப் பக்கம் போகாததற்குக் காரணம் வாசலில் ஆட்கள் இருக்கப் போட்டிருக்கிற வாங்குதான். அதில் இருப்பவரைப் போகிற வருகிற எல்லோரும் பார்ப்பார்கள். அன்றைக்கு அதில் புதுப்படகு ஜெனோஜன் இருந்தான். என்னைக் கண்டதும், "எனக்குப் பிரஷர் அக்கா" என்றான். பக்கத்தில் எங்கள் ஊர் கொன்ஸ்ரன்ரைன் அண்ணன். அவருக்கும் பிரஷராம். எனக்கும் பிரஷர்தான் என்று சொல்லிவிட்டு நடுவில் இருந்தேன். பிரஷர் கிளினிக் செவ்வாய்க்கிழமை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

டொக்டர் சுபத்திரா என்னை ஆற்ற ஆள் என்று கேட்கவில்லை. "வெடி கேட்டதும் ஏன் பிள்ளைக்கு மேல விழுந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் விழுந்ததைப் பற்றி ஊரே கதைத்தது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"முள்ளிவாய்க்காலில செல் விழேக்க அம்மா எனக்கு மேல அப்பிடித்தான் விழுந்தவ" என்றேன். "எனக்கு மூச்சு வரேல்ல. எழும்புங்கோ அம்மா, எழும்புங்கோ எண்டு அவவின்ர கையைக் கடிச்சனான். அவ எழும்பேல்ல. பிறகுதான் தெரியும், செத்துப்போனா எண்டு."

இதை நான் றோயிடம்கூடச் சொன்னதில்லை. டொக்டர் "அழாதேங்கோ" என்று சொல்லவில்லை. நான் அழுது முடியும்வரை இருந்தார். வெளியே பிரஷர்காரர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும்.

"கீழ கிடந்த பிள்ளைக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு உங்களைவிட ஆருக்குத் தெரியும்?" என்றார் கடைசியில். "அதை மகளோட கதையுங்கோ. அடுத்த புதனும் வாங்கோ."

வீட்டுக்கு வந்தபோது றொஷேல் முற்றத்தில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நிலத்தில் இருந்தேன்.

"அண்டைக்கு அம்மா வெடிக்குப் பயந்துபோனன். உங்களுக்கு மூச்சு முட்டினது, என்ன?"

தலையாட்டினாள். பிறகு, "இனியும் விழுவீங்களோ?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. அப்படித்தான் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள், எல்லாம் சரிவரும் என்று.

"தெரியாது மகள். விழாமல் இருக்கத்தான் டொக்டரிட்டப் போறன்."

"விழ வந்தா நான் ஓடுவன்."

"ஓம், ஓடுங்கோ. அம்மாவைப் பாத்துக்கொண்டு நிக்கக்கூடாது."

 அவள் சிப்பிகளை அள்ளிக்கொண்டு வந்து என் மடியில் ஏறி இருந்தாள், ஓடுவதற்கு வசதியாகக் கால்களை வெளியே நீட்டிக்கொண்டு.