பத்து மணிக் கையெழுத்து

ஆல்பர்ட் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். உள்ளே அம்மா மார்த்தாளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆறு நாள் பரோலில் அது மூன்றாம் நாள். சாகக் கிடக்கும் தாயோடு இருக்கத்தான் என் தம்பியைச் சிறையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் இரண்டு நாளும் பத்து மணிக்குப் போனவனை ரைட்டர் நான்கு மணிவரை விடவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தால்தான் கையெழுத்து நோட்டைத் திறப்பேன் என்றார். அதுவரை ஜீப்பைக் கழுவ வைத்தார், தண்ணீர் கேன் தூக்க வைத்தார். அம்மாவுக்கு முடியவில்லை என்று அவன் கெஞ்சியதற்கு, "இன்னா ஆல்பர்ட்டு, ஜெயில்ல ஏழு வருசமா குந்திக்கினு கீற. இங்க ஆறு மணி நேரம் குந்துறது பேஜாரா கீதா?" என்று சிரித்தாராம்.

"இன்னிக்கு போவலக்கா" என்றான் ஆல்பர்ட்.

"போய்ட்டு வந்துடு நைனா. கண்டிஷன மீறுனா உள்ள தள்ளிடுவாங்க. அப்பால எப்பவுமே உட மாட்டாங்க."

என் வாயால்தான் அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு அம்மாவின் கை பாயைத் தடவித் தம்பியைத் தேடியது. அவனுக்குப் போன் போட்டேன். அது ரைட்டர் மேசையில் இருந்தது, அவரே எடுத்தார். அம்மா போகிற நேரம் என்றேன். ஐயா இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். ஒன்றேகாலுக்கு அம்மா போய்விட்டாள். நாலரை மணிக்கு வந்த ஆல்பர்ட்டின் கையெல்லாம் ஜீப்பின் கிரீஸ். அந்தக் கையால் அம்மா முகத்தைத் தொடத் தயங்கி அப்படியே நின்றான்.

அன்று மாலையே அடக்கம். திரும்பி வந்து சங்கீதம் வாசிக்க பைபிளைத் திறந்தேன். உள்ளே, பிளாஸ்டிக் உறையில் பரோல் உத்தரவு. மடிப்புக் கலையக்கூடாதென்று முதல் நாளே அம்மா படுத்தபடியே அங்கே வைத்திருந்தாள். முத்திரை போட்ட காகிதத்தை எங்கள் வீட்டில் பத்திரப்படுத்துவோம், படிக்க மாட்டோம். பன்னிரண்டாவது படித்த நானும் அப்போதுதான் அதைப் பிரித்தேன். காலை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே கையொப்பமிட வேண்டும். மற்ற நேரம் நோயுற்ற தாயாருடன் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருக்கச் சொல்லி ஒரு வரி இல்லை.

மறுநாள் தம்பியோடு நானும் போனேன். மேசையருகே நின்று அதை உரக்க வாசித்தேன்.

"இன்னாம்மா, சட்டம் பேச வந்துட்டியா?" என்றார் ரைட்டர்.

"பேசல சார், படிக்கிறேன். இதுல ஒரு மணி நேரந்தான் ஒங்களுக்கு. மீதி எங்க அம்மாவோடது. அத நீங்க எடுத்துக்கினீங்க."

அவர் நோட்டைத் தள்ளினார். பத்து இருபதுக்கு ஆல்பர்ட் கையெழுத்துப் போட்டான். அன்றும் இன்ஸ்பெக்டர் வந்திருக்கவில்லை.

நிபந்தனை கைதியை மட்டுமல்ல, காக்கிச் சட்டைக்காரரையும்தான் கட்டுகிறது. அது தெரிய வேண்டுமானால், காகிதம் கைக்கு வந்த அன்றே படித்துவிடுங்கள். நான் அம்மாவைப் புதைத்துவிட்டுப் படித்தேன்.