சொந்த சிம்

எர்ணாவூர் கடற்கரை ரோட்டில் இருக்கும் எலக்ட்ரிக் வண்டி சார்ஜிங் மெஷினுக்கு சிம் போட்டவன் ஜெனிஷ்தான். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரே மீன் வாங்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து சிக்னல் சோதித்தான். நாலு கோடும் நின்றன. ஒரு சிம்மே போதும் என்று எழுதிக் கொடுத்தான். கண்ட்ரோல் ரூமிலிருந்து உத்தரவு வராமல் மெஷின் எந்த வண்டியையும் விடக்கூடாது என்று செட்டிங் வைத்தவனும் அவன்தான். திருட்டு சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார்களாம். கம்பெனியில் சபாஷ் என்றார்கள். சபாஷுக்கு மயங்காத தொழிலாளி எந்த ஊரில் இருக்கிறான்?

அந்த சிம் உட்கார்ந்திருக்கும் மோடம் அடிக்கடி தூங்கிவிடுகிறது என்று புகார் வந்து, இன்று மத்தியானம் பார்க்க வந்திருந்தான். பெட்டியைத் திறந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வடக்கேயிருந்து வந்த காற்று மூக்கில் ஊசி மாதிரி ஏறியது. கண் எரிந்தது. அம்மோனியா. எங்கே உடைந்தது, எந்தக் குழாய் என்று யாருக்கும் தெரியவில்லை. நின்று கேட்கவும் ஆளில்லை. ஈரத் துணியை வாயில் பொத்திக்கொண்டு ஜனம் தெற்கே ஓடியது. ஓடினவர்கள் எல்லோர் காதிலும் போன். ஐந்தே நிமிஷத்தில் டவர் திணறி நின்றது.

வடக்கே, கத்திவாக்கத்தில், குடும்பத்தின் ஹார்டுவேர் கடையில் அவன் மனைவி பெர்சிஸ் தனியாக இருந்தாள். ஜெனிஷ் பதினோரு தடவை கூப்பிட்டான். அவள் சிம்மும் மெஷினில் இருப்பதும் ஒரே கம்பெனி. இரண்டும் செத்துக் கிடந்தன. இவனுடையது வேறு கம்பெனி. அதில் மட்டும் ஒரு கோடு மினுங்கியது. யார் போனிலிருந்தாவது கூப்பிடுவாள் என்று அந்த ஒற்றைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் நீலா வந்தாள். மெஷினில் மாட்டியிருந்த எலக்ட்ரிக் ஆட்டோ அவளுடையது. சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனவள், அப்பா ரகுபதியைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். முப்பது வருஷம் விசைப்படகில் டீசல் புகை குடித்த நுரையீரல். நல்ல காற்றிலேயே பத்தடி நடக்கமாட்டார்.

"தம்பி, கன்னைக் கழட்டுப்பா. நைனாவுக்கு மூச்சே வரல."

வண்டியில் சொருகியிருந்த சார்ஜ் கன்னை ஜெனிஷ் இழுத்தான். வரவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கினான். கரண்ட் நின்றது, பூட்டு விடவில்லை. கன் சொருகியிருக்கும்வரை வண்டி நகராது.

"பூட்டு தொறக்க வண்டிக்குள்ள அவசரத்துக்கு இழுக்குற கயிறு ஒண்ணு இருக்குமேக்கா?"

"அது போன மாசமே அறுந்துபூச்சு. ஸ்கிரீன்ல இன்னா எய்திகீது?"

"நெட்வொர்க் இல்ல, காத்திருக்கவும்னு கீது."

"எதுக்குக் காத்திருக்கணும்? எங்கப்பன் சாவுறதுக்கா?"

தான் வைத்த பூட்டு, தான் போட்ட ஒற்றை சிம். போனைப் பார்த்தான். இந்த சிம்மைக் கழற்றி மெஷினில் போட்டால் பூட்டு திறக்கும். அந்த நேரத்தில் பெர்சிஸ் கூப்பிட்டால்? ஒரு தடவைதான் கூப்பிட முடிகிற நிலைமையில் அவள் இருந்தால்?

தைரியத்தில் செய்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரியவரின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் துணிச்சல் அவனுக்கு இல்லை.

"ஊக்கு இருந்தா குடுக்கா."

நீலா புடவையிலிருந்து ஊக்கைப் பிடுங்கித் தந்தாள். அதன் முனையால் போன் சிம்மை எடுத்து மோடத்தில் சொருகினான். லேப்டாப்பை இணைத்து சிம் கம்பெனிப் பெயரை மாற்றும்போது மூன்று தடவை தப்பாக அடித்தான். மோடம் ஆற அமர எழுந்தது. பத்து நிமிஷம் போயிருக்கும். பச்சை விளக்கு எரிந்து, உத்தரவு வந்து, 'டக்' என்று பூட்டு விட்டது.

"ஏறு தம்பி."

"நீ போக்கா. சிம்மை எடுத்து போன்ல போடணும். என் வொய்ஃப் கூப்புடுவா."

ஆட்டோ போனது. சிம் போனுக்குத் திரும்பியது. மெசேஜ் வந்து விழுந்தது: போன் அணைந்திருந்தபோது பெர்சிஸ் ஏழு தடவை அழைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அவனுக்கு அழுகை வந்தது. கூப்பிட்டான். எடுத்தாள்.

"ஏன் போனை ஆஃப் பண்ணே? கேஸுல மயங்கி விழுந்துட்டியோனு..." இருமினாள்.

"நான் நல்லா கீறேன். நீ எங்க கீற?"

"ஷேர் ஆட்டோ புடிச்சு விம்கோ நகர் வந்துட்டேன். இங்க சிக்னல் கெடச்சுது. உனக்குப் போட்டா ஸ்விட்ச்டு ஆஃப்னே சொல்லிச்சு. எர்ணாவூர் மெஷின்ல வேலைனு காலைல சொன்னியே. எறங்கி உன்னத் தேடி நடந்து வந்துகினு கீறேன்."

"வராத பெர்சி. திரும்பிப் போ. நான்..."

லைன் அறுந்தது. மறுபடி அடித்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே. அவன் போனில் மினுங்கிய ஒற்றைக் கோடும் இப்போது இல்லை.

தெற்கே, விம்கோ நகர் பக்கம் ஓடத் திரும்பியவன் நின்றான். அங்கிருந்து இங்கே வர இரண்டு வழி. கடற்கரை ரோடு ஒன்று, உள் ரோடு ஒன்று. எதில் வருகிறாள் என்று கேட்கவில்லை. ஒன்றில் இவன் ஓடி, மற்றதில் அவள் வந்துவிட்டால், இந்த மெஷினைச் சுற்றி இதே காற்றில் அவனைத் தேடிக்கொண்டிருப்பாள். கண்டுபிடிக்காமல் திரும்புகிறவள் இல்லை அவள்.

காற்று இன்னும் வடக்கேயிருந்துதான் வந்தது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். சிம்மை இழந்த ஸ்கிரீன் பழையபடி எழுதிக் காட்டியது: நெட்வொர்க் இல்லை, காத்திருக்கவும்.