மாமனார் தாண்டின சுவர்

நான் ஒரு மின் விநியோக நிறுவனமாம்! சட்டைக்குக் காலர் வெச்சுத் தைச்சுக்கிட்டிருந்தப்போ கரண்டு கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து இப்படிச் சொன்னதும் நான் சிரிச்சுட்டேன். அந்த ஆளு சிரிக்கல.

விஷயம் இதுதான். எங்க மாடியில சோலார் இருக்கு, பேட்டரி இருக்கு. பக்கத்து வீடு என் ஓரகத்தியோடது. அவ புருஷனுக்கு வெளியூர்ல வேலை. பாகம் பிரிச்சப்போ அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நடுவுல சுவர் எழுப்பி, மாமனாரை அந்தப் பக்கம் விட்டாங்க. ஒளிக்காம சொல்றேன், எனக்கு அப்பாடான்னு இருந்தது. மனுஷன் வாயைத் திறந்தா குத்தல்தான். ஆனா அவருக்கு நெஞ்சு சரியில்ல, மூச்சு மிஷின் ஓடினாத்தான் அவர் ஓடுவார். ஊர்க் கரண்டு நினைச்சா வரும், நினைச்சா போகும். அதனால சுவத்துக்கு மேல ஒரு ஒயரைத் தூக்கிப் போட்டேன். ஓரகத்திகிட்ட பேச்சுவார்த்தை கிடையாது, ஒயர் மட்டும்தான்.

"புதுச் சட்டம் வந்திருக்கும்மா. தனி மீட்டர் இருக்கிற வீட்டுக்கு நீங்க கரண்டு கொடுத்தா லைசென்ஸ் வேணும்."

"ஏன், சூரியன் உங்க கம்பெனியில வேலை பார்க்குதா?"

"அதை ஒழுங்குமுறை ஆணையத்துல வந்து கேளுங்க."

கேக்கத்தான் போனேன். அங்க மட்டும் ஏசி ஜிலுஜிலுன்னு ஓடுது. எங்க வக்கீல் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தார்: "ஒரே குடும்பத்துக்கு விதிவிலக்கு இருக்கு. ரெண்டு வீடும் ஒரே குடும்பம்னு சொல்லுங்க போதும். வேற எதுக்கும் வாயைத் திறக்காதீங்க." பெருசா தலையாட்டினேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "பக்கத்து வீட்டம்மாவும் நீங்களும் ஒரே குடும்பமா?"

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில ஓரகத்தி உம்முன்னு உட்கார்ந்திருக்கா. பாகம் பிரிச்ச அன்னிக்கு என் தையல் மிஷினைத் தூக்கித் தெருவுல வெச்சவ. எனக்கு எங்கேருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"அவளோட நானா? செத்தாலும் கிடையாது!"

எங்க வக்கீல் முகத்தைப் பொத்திக்கிட்டார். ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, ஒயரை இன்னிக்கே எடுக்கணும்னு உத்தரவு போட்டார்.

வீடு வர்ற வரைக்கும் கூட வந்த என் வீட்டுக்காரர் தலையில அடிச்சுக்கிட்டார். திட்டியிருந்தாக்கூடத் தேவலை. பின்னாடியே இன்ஸ்பெக்டர் ஏணியோட வந்து நின்னார். என் வாய்க்கொழுப்புக்கு அந்தக் கிழவர் உயிர் போகணுமான்னு ஏணியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"சார், கரண்டுதானே சுவரைத் தாண்டக் கூடாது? மாமனார் தாண்டலாமில்ல?"

அவர் நிஜமாவே யோசிச்சார். "அது எங்க சட்டத்துல வராதும்மா."

ஓடிப்போய் ஓரகத்தி கதவைத் தட்டினேன். மாமாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அவ மிஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கண்ணுக்குக் கீழ கன்னங்கரேல்னு கருவளையம்.

"கூட்டிட்டுப் போய்? ராத்திரியில அவருக்கு மூச்சு அடைக்கும். எழுப்பி உட்கார வெச்சு முதுகைத் தட்டணும். யார் தட்டுவா, உன் பேட்டரியா?"

கரண்டைக் கொடுத்துட்டு நான் மகராசியாத் தூங்கியிருக்கேன். இவ தூங்கவே இல்ல. வெக்கமாப் போச்சு.

"நீங்களும் வாங்கக்கா."

அவ தலையணையை எடுத்து அக்குள்ல இடுக்கிக்கிட்டா.

சாயங்காலமே எங்க வீட்டுல மாமனாருக்கு இருமல் கிளம்பி மூச்சு இழுத்தது. அக்கா எழுந்தா. நீங்க உட்காருங்கன்னு நான் போனேன். உள்ளங்கையைக் குழிச்சு, கீழேருந்து மேல தட்டணும்னு என் கையைப் பிடிச்சுக் காட்டினா. ரெண்டு தட்டு தட்டினதும் மாமனார் இழுத்து இழுத்துச் சொன்னார்:

"மெதுவா... இதென்ன முதுகா... அழுக்குத் துணியா?"

அக்கா சிரிச்சுட்டா. எனக்கு அழுகையும் சிரிப்புமா வந்தது, ஆனா தட்டறதை நிறுத்தல.